இணையம் ஒரு ஜிகாபிட், ஃபேக்ஸ் மட்டும் ஏன் பாதியில் நிற்கிறது?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பழைய போன் லைனை எடுத்தாயிற்று. ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள போன் துளையில் ஃபேக்ஸ் இயந்திரத்தைச் செருகியாயிற்று. பேசினால் குரல் கணீரென்று கேட்கிறது. ஃபேக்ஸ் அனுப்பினால் மறுமுனை எடுக்கிறது, கீச்கீச்சென்ற சத்தமும் வருகிறது. பாதிப் பக்கம் போனதும் தொடர்புப் பிழை என்று ஒரு சீட்டு அச்சாகி வெளியே வருகிறது.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. இயந்திரம் பழசு. இணையம் ஸ்லோ. இன்னும் பெரிய பிளானுக்கு மாறுங்கள். மூன்றுமே பெரும்பாலும் தவறு. சாதாரண ஃபேக்ஸ் இயந்திரத்தின் உச்ச வேகமே விநாடிக்கு 14,400 பிட்தான். ஒரு ஜிகாபிட் இணைப்பு அதைப்போல அறுபதாயிரம் மடங்குக்கும் மேல். இங்கே வேகத்துக்குப் பஞ்சமே இல்லை.

உண்மையான காரணம் வேறு. இணையத் தொலைபேசி மனிதக் காதுக்காகச் செய்யப்பட்டது. காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் சேர்த்த ஏற்பாடுகளில் பல, ஃபேக்ஸின் கழுத்தைப் பிடிக்கின்றன. அது எப்படி என்று தெரிந்துவிட்டால், எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

போனில் கோலம் சொல்வது

தஞ்சாவூரில் இருக்கும் அம்மா, ஈசூனில் இருக்கும் மகளுக்கு ஒரு கோலத்தைப் போனிலேயே சொல்லிக்கொடுக்கிறார். படம் அனுப்ப வழியில்லை. இருவர் கையிலும் ஒரே அளவு கட்டம் போட்ட தாள். அம்மா வரிவரியாகச் சொல்கிறார்: "வெற்று பன்னிரண்டு, மாவு மூன்று, வெற்று நாற்பது. அடுத்த வரி." மகள் அப்படியே கட்டங்களை நிரப்புகிறாள்.

ஃபேக்ஸ் செய்வது கிட்டத்தட்ட இதையேதான். தொலைநகல் இயந்திரம் ஏ4 தாளின் ஒவ்வொரு வரியையும் 1,728 புள்ளிகளாகப் பிரிக்கிறது. சாதாரணத் தெளிவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1,140 வரிகள். 'ஃபைன்' தெளிவில் அதைப்போல இரு மடங்கு. புள்ளி புள்ளியாகச் சொல்லாமல் 'இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு' என்று எண்ணிக்கையைச் சொல்வதால் வேலை சுருங்குகிறது. எதுவும் எழுதாத ஒரு முழு வரி, முப்பது பிட்டுக்குள் அடங்கிவிடும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. "மாவு மூன்று" என்ற ஒரு சொல் மகளுக்குக் கேட்காமல் போனால், அதற்குப் பின்னால் வரும் கட்டங்கள் எல்லாம் தள்ளிப்போகும். "அடுத்த வரி" என்று கேட்கும்வரை அந்த வரி பாழ். ஃபேக்ஸிலும் ஒரு சில பிட் கெட்டால் ஒரு வரியே கெடும்.

அம்மா வாயால் சொன்னதை இயந்திரம் சத்தமாகச் சொல்கிறது. எண்களைச் சத்தமாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் சத்தத்தை எண்களாகத் திருப்புகிற கருவிக்கு மோடம் என்று பெயர். நாம் கேட்கும் அந்தக் கீச்சொலி மோடத்தின் பேச்சு.

அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அனுப்பும் இயந்திரம் 1,100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை விநாடி ஊதி, மூன்று விநாடி நிறுத்தி, மறுபடி ஊதும். எடுத்த இயந்திரம் 2,100 ஹெர்ட்ஸ் ஒலியை மூன்று விநாடி அளவில் நீட்டிப் பதில் சொல்லும். பிறகு இரண்டும் "எனக்கு இன்னின்ன வேகம் தெரியும், இன்னின்ன அளவுத் தாள் இருக்கிறது" என்று பேசி முடிவுக்கு வரும். இந்தப் பேச்சுவார்த்தை விநாடிக்கு வெறும் 300 பிட் வேகத்தில், நிறுத்தி நிதானமாக நடக்கும். அடுத்து ஒன்றரை விநாடி ஒத்திகை ஒலி. ஒத்திகை சரியாகக் கேட்டால்தான் பக்கம் புறப்படும். கேட்காவிட்டால் வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி ஒத்திகை.

மறுமுனை எடுத்தது, சத்தமும் வந்தது, பக்கம் மட்டும் போகவில்லை என்ற புகாருக்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது. 300 பிட் பேச்சு ஓரளவு மோசமான லைனிலும் தாக்குப்பிடிக்கும். 14,400 பிட்டில் ஓடும் பக்கம் அப்படித் தாங்காது. சத்தம் கேட்டதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

குரல் இணையத்தில் போகும் விதம்

செம்புக் கம்பியில் குரல் ஒரே நீரோட்டம்போல ஓடியது. இணையத்தில் அது நறுக்கி அனுப்பப்படுகிறது. குரலை எண்களாக்கும், தேவைப்பட்டால் சுருக்கவும் செய்யும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பரவலாக உள்ள ஜி.711 கோடெக், விநாடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. மொத்தம் விநாடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு 160 பைட். விநாடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் முகவரி ஒட்டிய தனிப் பாக்கெட்டாகப் புறப்படும்.

ஐம்பது பாக்கெட்டும் சம இடைவெளியில் போய்ச் சேராது. கல்யாண மண்டபத்துக்கு விருந்தாளிகள் ஒரே நேரத்தில் கிளம்பினாலும், எம்ஆர்டியில் வருபவர் ஒரு நேரம், பேருந்தில் வருபவர் ஒரு நேரம் வந்து சேர்வார்கள். வந்தவரை வந்தபடியே உட்கார வைத்தால் பந்தியில் இடையிடையே இலை காலியாகக் கிடக்கும். அதனால் கூடத்தில் சிலரைச் சற்றுக் காக்கவைத்து, வரிசையாக அமர்த்துவார்கள். பாக்கெட்டுகளை அப்படிச் சற்று நிறுத்தி, சீராக வெளியே விடும் இடம்தான் ஜிட்டர் பஃபர். பாக்கெட்டுகள் முன்பின்னாக வருவதற்கு ஜிட்டர் என்று பெயர்.

போனையோ ஃபேக்ஸையோ இந்த உலகத்தோடு இணைக்கும் பெட்டி ஏடிஏ. தனிப் பெட்டியாக இருக்கலாம். ஃபைபர் பெட்டிக்குள்ளேயே அடங்கியும் இருக்கலாம். ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள போன் துளையைப் பலர் 'நிஜ லைன்' என்று நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பதும் இணையத் தொலைபேசிதான். எண்ணைப் பார்த்தும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் 2005 முதல் 3 என்று தொடங்கும் எண்கள் இணையத் தொலைபேசிக்கு என்று ஒதுக்கப்பட்டன. ஆனால் 6 என்று தொடங்கும் எண்ணுக்குப் பின்னாலும் இன்று பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஃபேக்ஸ் என்பது எண்களைச் சத்தமாக்கும் வேலை. இணையத் தொலைபேசி என்பது சத்தத்தை எண்களாக நறுக்கும் வேலை. ஆக, எண் சத்தமாகி, சத்தம் மறுபடி எண்ணாகி, பிறகு அந்த எண் சத்தமாகிக் கடைசியில் மறுபடியும் எண்ணாகிறது. கெடுவதற்கு அத்தனை இடம்.

காதுக்கு நல்லது, ஃபேக்ஸுக்குக் கேடு

முதல் எதிரி, சுருக்கும் கோடெக். ஜி.729 விநாடிக்கு 8,000 பிட்டில் குரலை அடக்கிவிடுகிறது, ஜி.711-இல் எட்டில் ஒரு பங்கு. எப்படி முடிகிறது? பலகுரல் கலைஞர் ஒருவரை மறுமுனையில் நிறுத்தி, "இந்தத் தொனி, இந்த ஏற்றம், இந்த மூச்சு" என்று குறிப்பு மட்டும் அனுப்புவதைப்போல அது வேலை செய்கிறது. கலைஞர் அந்தக் குரலை அச்சாகப் பேசிக்காட்டுவார். ஆனால் அவருக்குத் தெரிந்தது மனிதக் குரல் மட்டுமே. மோடத்தின் கீச்சொலியை அவர் பேசிக்காட்டினால் ஏதோ ஒரு சத்தம் வரும். அதற்குள் எண்கள் இருக்காது. ஜி.729 வழியாகப் பக்கம் போகாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

இரண்டாவது, தொலைந்த பாக்கெட். பேச்சில் நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஏனென்றால் முந்தைய ஒலியை நீட்டி அந்த இடைவெளியை ஏடிஏ பூசி மெழுகிவிடும். ஃபேக்ஸுக்குக் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 3,000 பாக்கெட். ஒரு சதவீதம் போனால் நிமிடத்தில் 30 ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் 20 மில்லிவிநாடி. 14,400 பிட் வேகத்தில் அது 288 பிட். பூசி மெழுகிய ஒலி, இல்லாத எண்களை உண்டாக்கிக் கொடுப்பதால் பயனில்லை. ஆயிரத்துக்கு ஒன்று தொலைந்தாலே நிமிடத்துக்கு மூன்று ஓட்டை. அதுவே ஃபேக்ஸைத் தடுமாற வைக்கப் போதும்.

மூன்றாவது, தானாக நீண்டு சுருங்கும் ஜிட்டர் பஃபர். பேச்சின் நடுவே மௌனம் வரும்போது பஃபர் தன் அளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளும், யாருக்கும் தெரியாது. ஃபேக்ஸ் பக்கத்தில் மௌனமே கிடையாது. ஓடும் ஒலியின் நடுவே 20 மில்லிவிநாடியை நுழைத்தாலோ பிடுங்கினாலோ மோடம் தாளம் தப்பிவிடும். தாளம் தப்பினால், அதன் பிறகு வருவதை அதனால் பிரித்தறிய முடியாது.

நான்காவது, மௌனத்தை அனுப்பாமல் சேமிக்கும் வசதியும் எதிரொலியை அழிக்கும் எக்கோ கேன்சலரும். இரண்டும் மனிதர்கள் மாறிமாறிப் பேசுவார்கள் என்ற நம்பிக்கையில் இயங்குபவை. மோடத்தின் ஒலியை எதிரொலி என்று நினைத்து எக்கோ கேன்சலர் கொஞ்சம் அரித்துவிடக்கூடும். 2,100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டதும் எதிரொலி வேலையை நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. எல்லாப் பெட்டியும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை.

ஐந்தாவதைத்தான் அனுபவசாலிகளே அதிகம் தவறவிடுகிறார்கள்: கடிகார வித்தியாசம். இரு முனைகளிலும் விநாடிக்கு 8,000 என்று அளந்தாலும், இரண்டு கடிகாரமும் துளிகூடப் பிசகாமல் ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று கொள்வோம். விநாடிக்கு 0.4 அளவு கூடிக்கொண்டே போகும். 400 விநாடியில், அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் நிமிடத்தில், ஒரு முழுப் பாக்கெட் மிகுதியாகிவிடும் அல்லது குறைந்துவிடும். அந்தக் கணத்தில் ஒரு வழுக்கல். இரண்டு பக்க ஃபேக்ஸ் தினமும் போகிறது, இருபது பக்க ஒப்பந்தம் மட்டும் ஏழாம் எட்டாம் பக்கத்தில் அறுந்துபோகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

குரலுக்குத் தாமதம் ஆகாது, சின்னச் சின்ன இழப்பு பரவாயில்லை. ஃபேக்ஸுக்கு நேர்மாறு: அரை விநாடித் தாமதம் ஒன்றும் செய்யாது, இழப்பு ஆகவே ஆகாது. தாமதத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஒரு கட்டளைக்குச் சுமார் மூன்று விநாடிக்குள் பதில் வராவிட்டால் இயந்திரம் திரும்பக் கேட்கும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் துண்டித்துவிடும்.

டி.38: சத்தத்தை விட்டு எண்ணை மட்டும் அனுப்புவது

கோலத்துக்கே திரும்புவோம். போன் லைன் கரகரக்கிறது. அம்மாவின் பக்கத்தில் ஒரு பேத்தி உட்கார்ந்து, அவர் சொல்வதைக் காதால் கேட்டு "வெற்று 12, மாவு 3" என்று எழுத்துச் செய்தியாக அனுப்புகிறாள். ஈசூனில் ஒருவர் அந்தச் செய்தியை மகளுக்கு வாய்விட்டு வாசிக்கிறார். அம்மாவுக்கும் மகளுக்கும் தாங்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதாகவே தோன்றும். நடுவில் போவதோ எழுத்து.

இந்த வேலைக்கு உலகத் தொலைத்தொடர்புச் சங்கமான ஐடியு 1998-இல் வகுத்த தரம் டி.38. ஏடிஏவுக்குள் ஒரு மோடம் உட்கார்ந்து, ஃபேக்ஸின் கீச்சொலியைக் கேட்டு, எண்களைப் பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் பாக்கெட்டில் போடுகிறது. மறுமுனையில் உள்ள பெட்டி அந்த எண்களைப் புதிதாகச் சத்தமாக்கி அங்குள்ள ஃபேக்ஸுக்கு ஊதுகிறது. நடுவழியில் சத்தமே இல்லை. ஆகவே எதிரொலி, பூசி மெழுகல், கடிகார வழுக்கல் என்ற தொல்லைகளும் நடுவழியில் இல்லை.

பாக்கெட் தொலைவதற்கும் மருந்து உண்டு. ஒவ்வொரு டி.38 பாக்கெட்டும் தன் செய்தியோடு, முன்னே போன ஒன்றிரண்டு பாக்கெட்டின் நகலையும் சுமந்து செல்லும்படி அமைக்கலாம். நடுவில் ஒன்று தொலைந்தால், அடுத்ததைப் பிரித்து இழந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஃபேக்ஸ் தரவு சிறியது என்பதால் இந்த நகல்களால் இணைப்புக்குப் பாரம் ஒன்றும் கூடிவிடாது.

இந்த உத்தி புதிதன்று. வங்கிக்குப் போன் செய்து எண்களை அழுத்தும்போது, அந்த 'டிங்' ஒலியை ஒலியாக அனுப்பாமல் "இப்போது 5 அழுத்தப்பட்டது" என்ற செய்தியாக அனுப்பும் முறை இணையத் தொலைபேசியில் பல ஆண்டுகளாக உள்ளது. டி.38 அதன் பெரிய அண்ணன்.

சங்கிலியின் பலவீனமான கண்ணி

இவ்வளவு நல்ல தீர்வு இருந்தும் ஏன் சிக்கல் தொடர்கிறது? அழைப்பு தொடங்கும்போது அது ஃபேக்ஸ் என்று யாருக்கும் தெரியாது. சாதாரணக் குரல் அழைப்பாகவே தொடங்கும். மறுமுனை எடுத்து, ஃபேக்ஸ் ஒலி கேட்ட பிறகு, வழக்கமாக எடுத்த பக்கத்துப் பெட்டிதான் "குரலை நிறுத்துவோம், டி.38-க்கு மாறுவோம்" என்று அதே அழைப்புக்குள் கோரிக்கை விடுக்கும். இந்தக் கோரிக்கை வழியில் உள்ள எல்லாரையும் தாண்டிப் போய் ஒப்புதலோடு திரும்ப வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் அழைப்பு உங்கள் சேவையாளர், அவருக்கு நிமிடங்களை மொத்தமாக விற்பவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று பல கை மாறலாம். அவர்களில் ஒருவருக்கு டி.38 தெரியாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். ஒழுங்கான பெட்டி அப்போது ஜி.711-க்கே திரும்பி முயற்சியைத் தொடரும். ஒழுங்கற்றது அழைப்பையே அறுத்துவிடும். மலிவான பாதையைத் தேடி அழைப்பைத் திருப்பிவிடும் வழக்கமும் உண்டு என்பதால், ஒரே எண்ணுக்கு நேற்றுப் போன ஃபேக்ஸ் இன்று போகாமல் இருக்கலாம். அதற்கு உங்கள் இயந்திரம் பொறுப்பில்லை.

சேவையாளர்களுக்கு இதில் கடமை அதிகம். ஆஸ்டரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் போன்ற திறந்த மூல மென்பொருள்களிலேயே ஸ்பேன்டிஎஸ்பி என்ற நிரற்தொகுப்பின் உதவியோடு டி.38-ஐக் கையாள முடிகிறது. டி.38 உண்டு என்று விளம்பரத்தில் போட்டால் போதாது. எந்தெந்தப் பாதையில் அது முழுதாகப் போய்ச்சேர்கிறது என்று சோதித்து, ஃபேக்ஸ் எண்களை அந்தப் பாதையில் நிறுத்தி வைக்க வேண்டும்.

அறுந்த இடத்தை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது

ஃபேக்ஸ் எந்த நேரத்தில் அறுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இயந்திரத்தின் அறிக்கையில் வேகமும் பக்க எண்ணும் இருக்கும். ஒத்திகை மறுபடி மறுபடி நடந்து, வேகம் 14,400, 9,600, 4,800 என்று இறங்கிக்கொண்டே போனால், ஒலி வழியில் கெடுகிறது: சுருக்கும் கோடெக் நுழைந்திருக்கலாம், எக்கோ கேன்சலர் அரித்திருக்கலாம். மறுமுனை எடுத்துச் சில விநாடியில் திடீரென்று அமைதியாகி அறுந்தால், டி.38-க்கு மாறும் பேச்சு முறிந்திருக்கிறது. சேவையாளரிடம் அழைப்பின் நேரத்தைச் சொல்லிக் கேட்டால் அவர்களுடைய பதிவில் அது தெரியும். இணைய அழைப்புச் செய்திகளை வழியில் திருத்தும் 'சிப் ஏஎல்ஜி' என்ற ரவுட்டர் வசதியும் இந்த மாற்றத்தை அடிக்கடி குழப்பும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் சில பக்கம் நன்றாகப் போய் நடுவில் அறுந்தால், கடிகாரம் அல்லது பாக்கெட் இழப்பு.

அமைப்பில் செய்ய வேண்டியவை

ஏடிஏவைக் கம்பியால் ரவுட்டரோடு இணையுங்கள்; வைஃபை வேண்டாம். கேமராப் பதிவுகள் இணையத்தில் ஏறிக்கொண்டிருக்கும் கடை என்றால், ரவுட்டரில் ஏடிஏவுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஃபேக்ஸ் செருகிய துளைக்கு டி.38-ஐ இயக்கி, நகல் எண்ணிக்கையை இரண்டு அல்லது மூன்று என்று வையுங்கள். அதே துளைக்கு ஜி.711 மட்டும் அனுமதித்து, ஜி.729 போன்றவற்றை எடுத்துவிடுங்கள். மௌனம் அடக்கும் வசதியையும் 'கால் வெயிட்டிங்' ஒலியையும் அணையுங்கள். பக்கத்தின் நடுவே வரும் ஒரு 'பீப்' போதும், எல்லாம் கெட. டி.38 கிடைக்காத பாதையில் ஜிட்டர் பஃபரை நிலையான அளவில், 100 முதல் 200 மில்லிவிநாடிக்குள் நிறுத்துங்கள்.

ஃபேக்ஸ் இயந்திரத்தில் 'சூப்பர் ஜி3' என்ற 33,600 பிட் வேகம் இருந்தால் அதை அணைத்து, 14,400-க்கு இறக்குங்கள். டி.38-இன் பழைய பதிப்புகள் அந்த அதிவேகத்தை அறியாதவை. அப்படியும் தடுமாறினால் 9,600. ஒரு பக்கத்துக்குச் சில விநாடிகள் கூடும், அவ்வளவுதான்.

பிழை திருத்தும் வசதியான இசிஎம் பற்றி இருவிதக் கருத்து உண்டு. பக்கத்தை 256 பைட் சட்டங்களாகப் பிரித்து, கெட்ட சட்டங்களை மட்டும் திரும்பக் கேட்பது அதன் வேலை. மோசமான லைனில் அது திரும்பத் திரும்பக் கேட்டே அறுந்துபோகும் என்பதால் பலர் அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்தால் பக்கம் போய்ச் சேரும், ஆனால் சில வரிகள் சிதைந்து. மருந்தகம் அனுப்பும் மருந்துச் சீட்டிலோ, சரக்குப் பட்டியலிலோ ஓர் எண் சிதைவதைவிட ஃபேக்ஸ் போகாமல் நிற்பது மேல். நின்றால் போகவில்லை என்றாவது தெரியும். இசிஎம்மை விட்டுவைத்து வேகத்தைக் குறைப்பதே சரியான வரிசை.

மின்னஞ்சல் ஃபேக்ஸும் மற்ற மோடங்களும்

பக்கத்தை மின்னஞ்சலில் இணைத்துச் சேவையாளருக்கு அனுப்பி, அவர் தம் இடத்திலிருந்து ஃபேக்ஸ் செய்யும் முறையும் உண்டு. மறுமுனை எடுக்காவிட்டால் தானே மறுபடி முயலும். பெரும்பாலான சிறு அலுவலகங்களுக்கு இதுவே தலைவலி குறைந்த வழி. ஆனால் நகல் சேவையாளரின் கணினியில் தங்கும். நோயாளி விவரமோ அடையாள அட்டை எண்ணோ இருந்தால், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அனுப்பும் அலுவலகத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

கடைசியாக ஒன்று. அட்டை தேய்க்கும் பழைய டயல் கருவி, திருட்டு எச்சரிக்கைப் பெட்டி, மின்தூக்கிக்குள் உள்ள அவசர அழைப்புக் கருவி ஆகியவற்றில் சில இன்னும் போன் லைனில் மோடம் ஒலியையோ எண் அழுத்தும் ஒலியையோ நம்பியிருக்கலாம். டி.38 ஃபேக்ஸின் மொழியை மட்டுமே அறியும், இவற்றுக்கு உதவாது. லைனை மாற்றும் நாளில் ஃபேக்ஸைச் சோதித்த கையோடு இவை ஒவ்வொன்றையும் உண்மையாகவே ஓர் அழைப்பு விட்டுச் சோதியுங்கள். ஃபைபர் பெட்டிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்தும் ஒருமுறை பாருங்கள். செம்புக் கம்பி போன் நிலையத்திலிருந்து மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. கண்ணாடி இழை கொண்டுவராது.